ஆறு நகர்த்திய அரசு
கொற்கையில் கடல் விலகியது, காயலில் குதிரை இறங்கியது, மதுரையில் அரியணை சரிந்தது: பாண்டியர் வீழ்ச்சிக்குத் தாமிரபரணி சொல்லும் சாட்சி

ஏரலுக்குக் கிழக்கே உமரிக்காட்டைத் தாண்டிக் கொற்கைக்குப் போனால் வாழைத் தோட்டமும் வயலும் குளமும்தான் கண்ணில் படும். குளத்தங்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில். ஊருக்குள் முதுமையில் சாய்ந்துபோன ஒரு வன்னி மரம். பக்கத்தில் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் பொற்காசு அடிக்கும் இடம். காசு அடித்த ஊர், முத்து விற்ற ஊர், சங்க இலக்கியம் கொண்டாடும் கொற்கை இதுதான். ஆனால் கடலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்.

ஒரு பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பாடம் ஒரு படையெடுப்பைக் காட்டும். பாண்டியருக்கு அது 1311, தில்லிப் படைத்தலைவர் மாலிக் காபூர். படையெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் ஒரு மரம் புயலில் சாய்ந்தால், அதே புயலில் பக்கத்து மரம் ஏன் நின்றது என்றும் கேட்க வேண்டும் அல்லவா? வேரைப் பார்க்காமல் காற்றை மட்டும் குறை சொன்னால் பாதி விடைதான் கிடைக்கும். பாண்டியரின் வேர் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இருந்தது. அந்த வேரின் கதையில் மண்ணியலும் பருவமழையும் கால்நடை மருத்துவமும் குடும்பச் சண்டையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

மூன்று ஊர்ப் பெயர்கள், மூன்று கடற்கரைகள்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் மொத்த நீளமே 130 கிலோமீட்டருக்குள்தான். குறுகிய ஆறு, உயர்ந்த மலை. அதனால் மழைக்காலத்தில் வேகம் அதிகம். மலைச்சரிவில் அரித்த மண்ணை அப்படியே சமவெளிக்குக் கொண்டுவந்து, வேகம் தணியும் இடத்தில் இறக்கிவைக்கும். கனமான மணல் முதலில் படியும். மென்மையான வண்டல் முகத்துவாரம் வரை போகும். அங்கே கடல் அலை அதைத் திருப்பித் தள்ளும். கரையோரமாக ஓடும் நீரோட்டம் மணலை நீளமான திட்டாகக் கோத்துவைக்கும். திட்டுக்கு உள்பக்கம் சிக்கிக்கொண்ட தண்ணீர் உப்பங்கழி ஆகும். அதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் காயல்.

இப்போது கிழக்கே போகும் வழியில் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காயல் இருந்தது, அது தூர்ந்து பழைய காயல் ஆனது, அதற்கு வெளியே இன்னொன்று வந்தது என்று பெயர்களே சொல்லிவிடுகின்றன. 1870-களில் இந்த இடங்களை நடந்து ஆராய்ந்த ராபர்ட் கால்டுவெல் இதைத்தான் கண்டுகொண்டார். பழைய கிரேக்க நூல்கள் கொல்கி என்று சொல்லும் முத்துத் துறை கொற்கை, மார்க்கோ போலோ எழுதிய கயில் பழையகாயல், இரண்டையும் இடம் மாற்றியது ஆற்று வண்டல் என்று அவர் எழுதினார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு கிலோமீட்டரை 2,000 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி மூன்று மீட்டர். உண்மையில் ஒரே சீராக நகர்ந்திருக்காது. பெருவெள்ளம் வந்த ஆண்டில் பாய்ந்திருக்கும், வறண்ட ஆண்டில் நின்றிருக்கும். இருந்தாலும் மூன்று மீட்டர் என்ற அளவை மனதில் வைத்துக்கொள்வோம். 60 வயதுவரை வாழ்ந்த ஒரு பரதவர் தன் ஆயுளில் கரை 180 மீட்டர் விலகியதைப் பார்த்திருப்பார். தாத்தா தோணி கட்டிய இடத்தில் பேரன் வலை உலர்த்தியிருப்பான். துறைமுகம் சாவது இடி விழுந்தாற்போல் நடப்பதல்ல. தலைமுறைக்கு ஒரு கூப்பிடு தூரமாகக் கடல் விலகிப் போவதுதான் அது.

1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. அறுத்த சங்குத் துண்டுகள் அங்கே ஒரு பெரிய தொழில் நடந்ததற்குச் சாட்சி. பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆக இந்தக் கழிமுகத்தில் மனிதர் வாழ்ந்த காலம் குறைந்தது மூவாயிரம் ஆண்டு. அவ்வளவு காலமும் ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்படியானால் வண்டல்தான் பாண்டியரை வீழ்த்தியதா? இல்லை. கொற்கைத் துறை மூடியபோது வணிகர் காயலுக்குப் பெயர்ந்தனர், அரசும் பின்னாலேயே வந்தது. பாண்டியரின் உச்சகாலம் கொற்கைக்குப் பின்பு, காயலின் காலத்தில்தான் வந்தது. ஆறு ஒரு வாசலை மூடி இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியாக வந்த செல்வத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் வீழ்ச்சியின் முதல் விதை இருக்கிறது.

முத்துப் போய்க் குதிரை வந்தது

1251 முதல் 1268 வரை ஆண்ட முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே நெல்லூர் வரை வென்றான், சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தான். அவனுக்குப் பின் வந்த முதலாம் மாறவர்மன் குலசேகரன் சுமார் நாற்பது ஆண்டு ஆண்டான். 1279-இல் சோழ அரசு இவன் காலத்தில்தான் முடிந்தது. ஈழத்திலிருந்து புத்தரின் புனிதப் பல்லையே இவன் படை எடுத்துவந்தது.

1292-ஐ ஒட்டிச் சீனத்திலிருந்து வெனிசுக்குத் திரும்பும் வழியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலைப் பெரிய நகரம் என்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து வரும் கப்பல்கள் குதிரைகளோடு இங்கேதான் நின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுட்பமாகக் கணக்கு தருகிறார். இந்தக் கரைக்கும் பிற இந்தியத் துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 தினார் செம்பொன். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 22 லட்சம் தினார். கப்பலில் வரும் வழியில் குதிரை இறந்தாலும் விலை கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் நடந்ததன் வடிவம் தெளிவாக இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் பரதவர் மூச்சடக்கி எடுத்த முத்து வெளியே போனது, குதிரை உள்ளே வந்தது. அந்தக் குதிரை இங்கே நெடுநாள் பிழைக்கவில்லை. வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, ஆண்டு முடிவில் சொற்பக் குதிரைகளே உயிரோடு இருந்தன என்று போலோ எழுதுகிறார். வறண்ட பாலை நிலத்திலும் குளிர்ந்த புல்வெளியிலும் வளர்ந்த விலங்கைப் புழுக்கமும் ஈரமும் மிகுந்த கரைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒவ்வாத தீனி போட்டால் வேறு என்ன நடக்கும்? குதிரையின் குடல் புல்லையும் நாரையும் செரிக்க அமைந்தது. மாவுச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும் என்பது இன்றைக்கு எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரியும்.

முத்தும் நிலையான வருமானம் இல்லை. முத்துச் சிப்பிகள் சில ஆண்டு பார் முழுக்க அடர்ந்திருக்கும். பிறகு பல ஆண்டுகளுக்குக் காணாமலே போய்விடும். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி முத்துக்குளிப்பே நடக்கவில்லை. இப்படிக் கடல் மனம் வைத்தால் மட்டும் கிடைக்கும் பொருளை விற்று, ஆண்டுதோறும் சாகும் விலங்கை வாங்கி, அதன்மேல் ஒரு பேரரசின் படையை ஏற்றி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மின்னும் பலம். உள்ளே ஓட்டைப் பானை.

ஐந்து மன்னர், ஒரு நாடு

இரண்டாவது விதை குடும்பத்துக்குள். பாண்டிய நாட்டில் ஒரே காலத்தில் பலர் மன்னர் பட்டத்தோடு ஆள்வது வழக்கம். கல்வெட்டுகளின் ஆட்சியாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆய்வாளர்களைத் தவிக்க வைப்பது இதனால்தான். போலோவும் ஐந்து சகோதர மன்னர்கள் என்றே கேட்டறிந்து எழுதினார். தலைமை அரசன் வலுவாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஒரு வசதி. பரந்த நாட்டைப் பலர் பங்கிட்டுக் காக்கலாம். தலைமை தளர்ந்தால் இதே ஏற்பாடு ஆளுக்கொரு படையையும் ஆளுக்கொரு கருவூலத்தையும் கையில் கொடுத்துவிடும்.

குலசேகரனுக்கு இரண்டு மக்கள். பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன், மற்றொருத்தியின் மகன் வீர பாண்டியன். தந்தை வீர பாண்டியனை முன்னிறுத்தினான். 1310-இல் சுந்தரன் தந்தையையே கொன்றான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். அண்ணன் தம்பிக்குள் போர் மூண்டது. அடுத்த ஆண்டே, ஹொய்சளரின் துவாரசமுத்திரத்தை அடக்கிவிட்டுத் தெற்கே இறங்கிய தில்லிப் படைக்கு எதிரில் நிற்க ஒரு பாண்டியன் இல்லை. இரண்டு பாண்டியர் இருந்தார்கள், இருவரும் தனித்தனியே ஓடினார்கள். அந்தப் படையெடுப்பைப் பதிவு செய்த அமீர் குஸ்ரு, துரத்திப் போன படையைப் பெருமழை தடுத்து நிறுத்தியதையும் சொல்கிறார். மழை கொடுத்த அந்த அவகாசத்தில்கூட இருவரும் ஒன்று சேரவில்லை. தில்லிக்குப் போன கொள்ளையில் யானையும் பொன்னும் தவிர 5,000 குதிரையும் இருந்ததாக அவர் எழுதுகிறார். காயலில் பொன் கொடுத்து இறக்கிய குதிரைகள், ஏறிப் போர் செய்யாமலே கைமாறின.

காபூர் அந்த ஆண்டே திரும்பிப் போய்விட்டார். பாண்டியர் மீண்டிருக்கலாம். ஆனால் வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் காஞ்சி வரை வந்து முடிசூடினான். வடக்கிலிருந்து காகதீயர் வந்தனர். 1323-இல் தில்லிப் படை மறுபடி வந்தது. சில ஆண்டுகளில் மதுரையில் ஒரு சுல்தானகமே எழுந்தது.

சீனத்தில் அதே நோய்

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் இன்னொரு பேரரசு இதே வழியில் போய்க்கொண்டிருந்தது. குப்லாய் கானின் யுவான் வம்சம் நமக்கு அந்நியமில்லை. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளுவித்ததை, பேரரசன் கானின் நலனுக்காக என்று சொல்லும் கல்வெட்டு அது. குப்லாயின் தூதன் யாங் திங்பி கொல்லத்துக்குப் புறப்பட்டு, காற்று எதிர்த்ததால் பாண்டியர் கரையில் ஒதுங்கியதும் அதே 1281-இல்தான்.

குப்லாய் 1294-இல் இறந்தான். அதன்பின் 1333 வரை, 39 ஆண்டில் ஒன்பது பேர் அரியணை ஏறினர். உள்ளே வாரிசுச் சண்டை. வெளியே மஞ்சள் ஆறு. மென்மண் படிவத்தை அரித்துவரும் அந்த ஆறு தன் படுகையைத் தானே உயர்த்திக்கொள்ளும். கரை உயர்த்த உயர்த்தப் படுகையும் உயரும், கடைசியில் ஆறு ஊரைவிட மேலே ஓடும். 1344-இல் அது கரையை உடைத்துத் திசை மாறியது. வயலும் ஊரும் மூழ்கின. 1351-இல் ஆற்றைப் பழைய வழிக்குத் திருப்ப அரசு ஒன்றரை லட்சம் பேரை வேலைக்குப் பிடித்தது. பசியோடும் கோபத்தோடும் ஒரே இடத்தில் கூடிய அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி மூண்டது. பொறியியல் பணி வெற்றி பெற்றது, ஆறு திரும்பியது. அரசு திரும்பவில்லை. செலவுக்குத் தாள் பணத்தை அச்சடித்துத் தள்ள, அதன் மதிப்பும் கரைந்தது. 1368-இல் யுவான் வம்சம் தலைநகரைவிட்டு ஓடியது.

சீனத்தின் கான்சு மாகாணத்தில் வான்சியாங் என்ற குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணப் படிவை அறிவியலாளர் ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் அடுக்குகளில் இருக்கும், எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், அந்தந்தக் காலத்தின் பருவமழை வலுவைக் காட்டும். 1,800 ஆண்டுக் கணக்கு அது. தாங், யுவான், மிங் என்ற மூன்று வம்சங்களின் இறுதிக் காலமும் பருவமழை வலுவிழந்த காலத்தோடு பொருந்துவதாக அவர்கள் கண்டனர். மழை குறைந்ததால் மட்டும் அரசு விழும் என்று இதற்குப் பொருளல்ல. மழை குறைந்த காலங்களைக் கடந்து நின்ற அரசுகளும் உண்டு. களஞ்சியத்தில் நெல்லும், அரண்மனையில் ஒற்றுமையும், மக்களிடம் நம்பிக்கையும் இருந்தால் ஒரு பஞ்சத்தைத் தாண்டிவிடலாம். மூன்றும் தீர்ந்துபோன நேரத்தில் பஞ்சம் வந்தால், அது கடைசி உதை.

விழாத பகுதி

இனிதான் தாமிரபரணி நமக்குச் சொல்லும் முக்கியமான செய்தி. யுவான் வம்சம் சீனத்தை இழந்து வடக்கே மங்கோலியப் புல்வெளிக்குப் போய்விட்டது. பாண்டியரோ மதுரையை இழந்த பிறகும் இதே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு அரசராக இருந்தனர். 1422-இல் பட்டத்துக்கு வந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றின் கரையில் தென்காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் எழுப்பத் தொடங்கினான். 16-ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியன் நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதினான். ஒருவர் மாற்றி ஒருவருக்குத் திறை கட்டிய சிற்றரசுதான், இருந்தாலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

எது தாங்கியது? காயலில் இறங்கிய குதிரை அல்ல. கார், பிசானம் என்ற இரண்டு போகம். பொதிகை மலை தென்மேற்குப் பருவத்தில் நனையும், வடகிழக்குப் பருவத்திலும் நனையும். ஒரு மழை பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். மலையின் சோலைக்காடு மழையைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும். தமிழ்நாட்டின் பேராறுகள் கோடையில் மணலாகக் கிடக்கும்போது தாமிரபரணி ஓடுவதற்கு இதுவே காரணம். அதோடு கால்வாயும் குளமும். அம்பாசமுத்திரத்தில் 9-ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்கு அளித்த 290 காசுக்கு ஆண்டு வட்டி 580 கலம் நெல் என்று கணக்கு வைக்கிறது. காசைக் கொடுத்து நெல்லாக வாங்கும் கணக்கு அது. பொன் எந்தப் படையெடுப்பிலும் போகும். ஆண்டுதோறும் விளைகிற நெல்லை மொத்தமாக எவராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பாண்டியர் வீழ்ச்சி பற்றிய என் முடிவு இதுதான். வண்டல் துறைமுகத்தை நகர்த்தியது, ஆனால் கொல்லவில்லை. ஒரே பொருளை நம்பிய வணிகமும், தங்காத படைக்குக் கொட்டிய செல்வமும், சகோதரப் பகையும் பேரரசைக் கொன்றன. மாலிக் காபூர் வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. நிலமும் நீரும் சேர்ந்து தாங்கிய பகுதி மட்டும் தப்பியது.

காயலும் பின்னாளில் மங்கியது. 15-ஆம் நூற்றாண்டில் மிங் பேரரசின் செங் ஹோ கப்பல்கள்கூட வந்துபோன துறை, மணல் ஏறியும் ஆட்சி மாறியும் ஒதுங்கியது. வணிகம் புன்னைக்காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் போயிற்று. இன்று பழையகாயலைச் சுற்றி உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன.

இன்றைக்கு நம் ஆறு வேறொரு கணக்கில் மாட்டியிருக்கிறது. மலையிலிருந்து வரும் மணல் அணைகளில் தேங்குகிறது, கடலுக்குப் போகும் அளவு குறைகிறது. ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் மேடு தட்டிக் கிடக்கிறது. கீழே படுகையில் இருந்த மணலை அள்ளி அள்ளி, 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போடும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டோம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஆறு தன் பழைய வழிகளையெல்லாம் தேடிக்கொண்டு ஏரலுக்குள்ளும் ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளும் புகுந்தது. கழிமுகம் என்பது ஆறு நகர்ந்து நகர்ந்து உண்டாக்கிய நிலம். அங்கே வீடு கட்டும்போதும் சாலை போடும்போதும் அந்த நகர்வுக்கு இடம் விட்டாக வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் சுமார் 86,000 ஏக்கர் தாமிரபரணியை நம்பியிருக்கிறது. பொதிகைச் சோலையைக் காப்பதும், அணைக்கட்டுகளையும் குளங்களையும் முறையாகத் தூர் வாருவதும், திருநெல்வேலியின் சாக்கடை ஆற்றில் கலக்காமல் தடுப்பதும் நம் காலத்தின் அரசியல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கொற்கைக்குப் போய்வாருங்கள். அங்கே வந்து நின்ற கப்பல் எதுவும் மிஞ்சவில்லை. குளத்துக்கு வந்துசேரும் ஆற்றுத் தண்ணீர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த தலைமுறைக்கும் அது வந்துசேர வேண்டும்.